பழம் இல்லை என்று எழுதியிருக்கிறது

(அடி அண்ணாமலையில் பௌர்ணமிக்கு மறுநாள் மாலை நடந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய ஊர் என்று வழிவழியாகச் சொல்லப்படும் ஊர் இது. அந்த ஊரில் வந்து நின்று பிஸ்கட் பாக்கெட்டைப் பற்றிப் பேசுவதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைய பேச்சுக்கான பொருளை எனக்கு எடுத்துக் கொடுத்ததே உங்கள் ஊர்ச் சாலைதான்.

நேற்றுப் பௌர்ணமி. இன்று காலையில் வருண லிங்கத்திலிருந்து வாயு லிங்கம் வரை நடந்து வந்தேன். பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இது ஒரு சின்னத் துண்டு. இந்தச் சின்னத் துண்டிலேயே தூய்மைப் பணியாளர்கள் மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கேட்டு ஐந்தே ஐந்து உறைகளை எடுத்துக்கொண்டேன். "குப்பையை எதுக்கு சார் எடுத்துட்டுப் போறீங்க?" என்று ஓர் அம்மா கேட்டார். "பாடம் நடத்தத்தாம்மா" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். முப்பத்து மூன்று வருடம் பாடம் நடத்தியவன். இந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான்.

கழுவித் துடைத்து அந்த ஐந்தையும் இந்த மேசையில் வைத்திருக்கிறேன். பாதி குடித்து எறிந்த ஓர் ஆரஞ்சு பாட்டில். ஓர் ஐஸ்கிரீம் கப்பின் மூடி. காரம் போட்ட வளையச் சிப்ஸின் பை. குழந்தைகள் உறிஞ்சும் ஜெல்லியின் உறை. கடைசியாக, 'சர்க்கரை சேர்க்காதது' என்று பச்சை எழுத்தில் போட்ட பிஸ்கட் உறை. ஐந்தும் யாரோ பக்தர்களின் கையிலிருந்து விழுந்தவை. ஐந்தும் யாரோ ஒருவர் நம்பி வாங்கியவை.

செயற்கை இனிப்பு, செயற்கை நிறம், கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் என்றெல்லாம் பேப்பரில் படிக்கிறோம், வாட்ஸ்ஆப்பில் பார்க்கிறோம், பயப்படுகிறோம். பயந்துவிட்டு மறுநாள் அதையே வாங்குகிறோம். உங்களை இன்னும் கொஞ்சம் பயமுறுத்துவதற்காக நான் வரவில்லை. ஒரே ஒரு பழக்கத்தைக் கேட்டுப் பெற வந்திருக்கிறேன். உறையைப் புரட்டி அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். என்ன இல்லை என்று பாருங்கள். எதை எடுத்த இடத்தில் இதை வைத்தார்கள் என்று கேளுங்கள்.

முதலில் இந்த ஆரஞ்சு பாட்டில். படத்தைப் பாருங்கள், பிள்ளைகளே. அறுத்த ஆரஞ்சுச் சுளை, அதில் பனித்துளி! இப்போது பின்பக்கம் திருப்புகிறேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கிறேன். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்கிறேன்: "பழம் இல்லை. மணம் சேர்க்கப்பட்டது."

பழம் இல்லை! நான் சொல்லவில்லை ஐயா, விற்றவனே எழுதியிருக்கிறான். பழச்சாறு சேராத குளிர்பானத்தில் இப்படி எழுத வேண்டும் என்பது சட்டம். முன்பக்கம் படத்தில் பழம், பின்பக்கம் எழுத்தில் பழம் இல்லை. ஒரே பாட்டில்தான், முகம் மட்டும் இரண்டு.

பாதையோரக் கடையில் இதே பாட்டிலைக் காட்டி அந்தக் கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா, இதில் பழம் இல்லை என்று எழுதியிருக்கிறதே, தெரியுமா?" அவர் சிரித்தார். "பத்து ரூபாய்க்குப் பழமா சார் குடுப்பாங்க?"

பட்டம் வாங்கிய நான் அரை மணி நேரம் பேசிச் சொல்ல வேண்டியதை அந்த அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டார். பத்து ரூபாய்க்குள் அடக்க வேண்டும், ஆறு மாதம் கெடக்கூடாது, லாரியில் ஆயிரம் மைல் குலுங்க வேண்டும், வெயிலில் கடை வாசலில் காய வேண்டும். இத்தனை நிபந்தனைக்கும் ஆரஞ்சுப் பழம் உட்படுமா? உட்படாது. அதனால் பழம் வெளியே போகிறது. பழத்தின் நிறம் வேண்டுமே, அதற்கு 110 என்ற எண்ணுள்ள சாயம் வருகிறது. புளிப்புக்கு 330. கெடாமல் இருக்க 211. பழம் ஒன்று வெளியே போனது, எண்கள் மூன்று உள்ளே வந்தன. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

ஐஸ்கிரீம் மூடியைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். இதில் ஐஸ்கிரீம் என்ற சொல்லே இல்லை. 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று போட்டிருக்கிறது. பால் கொழுப்பின் இடத்தில் தாவர எண்ணெய் இருந்தால் அதை ஐஸ்கிரீம் என்று விற்கக் கூடாது, அதனால் இந்தப் பெயர். இதைக் குறித்து 2017-இல் இரண்டு பெரிய கம்பெனிகள் மும்பை உயர் நீதிமன்றம் வரை போய் மோதிக்கொண்டன. நமக்கு அந்த வழக்கு வேண்டாம். கார்த்திகை தீபத்துக்கு மலையுச்சிக் கொப்பரையில் சுமார் 3,500 கிலோ நெய் ஊற்றுகிறோமே, அதில் பாதி வனஸ்பதி என்று யாராவது சொன்னால் இந்த ஊர் சும்மா இருக்குமா? அண்ணாமலையாருக்கு நெய்யா எண்ணெயா என்று பார்க்கத் தெரிந்த நமக்கு, பேரப்பிள்ளையின் கப்பில் பாலா எண்ணெயா என்று பார்க்கத் தெரியவில்லையே!

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேதியியல் வாத்தியார் என்பதால் என் மனசு கேட்காது. "எல்லாத்திலும் கெமிக்கல் சார்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். தண்ணீரும் கெமிக்கல்தான். நம் அம்மாக்கள் அப்பளத்துக்குப் போட்ட அப்பளக்காரம் என்ன? சோடியம் கார்பனேட். வெல்லம் காய்ச்சுகிறவர்கள் அழுக்கு எடுக்க வெண்டைச் செடியைக் கசக்கிப் பிழிந்து ஊற்றினார்கள், சுண்ணாம்பு சேர்த்தார்கள். சித்த வைத்தியத்தில் இதற்கென்றே 'சேர்மானம்' என்று அழகான ஒரு சொல் உண்டு. நீங்கள் தினமும் போடும் உப்பில் அயோடின் சேர்த்திருக்கிறது. 1962-இல் தேசிய அளவில் கழலை நோய்த் தடுப்புத் திட்டம் வந்தது. முன்கழுத்துக் கழலை இன்று அபூர்வமாகிப் போனதில் அந்த அயோடினுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, சேர்ப்பது குற்றமில்லை. அயோடின் எதையாவது மறைக்கிறதா? இல்லை. அப்பளக்காரம் உளுந்தை எடுத்துவிட்டு வந்ததா? இல்லை. எதையோ எடுத்துவிட்டு, எடுத்தது தெரியாமல் இருக்கச் சேர்க்கிறார்கள் பாருங்கள், வழக்கு அங்கேதான்.

இன்னொரு விதமான வழக்கு நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. பஞ்சு மிட்டாய்! திருவிழாவுக்குத் திருவிழா, மணியடித்துக்கொண்டு வருமே, அந்த ரோஸ் நிறப் பஞ்சு மிட்டாய். 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியில் தடை செய்தார்கள். அடுத்து, மாதிரிகளை அரசு ஆய்வுக்கூடத்தில் சோதித்துவிட்டு, பிப்ரவரி 17 அன்று தமிழ்நாட்டிலும் தடை வந்தது. உள்ளே இருந்தது ரோடமின்-பி. துணிக்கும் தோலுக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம். உணவில் சேர்க்க எந்த அளவிலும் அனுமதி இல்லாதது.

இதைக் கேட்டதும் நமக்கு யார்மேல் கோபம் வந்தது? மூங்கில் கழியில் பாக்கெட்டுகளைக் கட்டிக்கொண்டு, வடக்கே ஏதோ ஒரு மாநிலத்திலிருந்து பிழைக்க வந்து வெயிலில் நடந்தாரே, அந்த மனிதர்மேல் வந்தது. அவருக்கு ரோடமின் என்ற பெயர் தெரியுமா? மலிவாகக் கிடைத்த சாயப்பொடியை வாங்கியிருப்பார், அவ்வளவுதான். அந்தப் பொடியை உணவுக்கென்று கொடுத்தவன் யார் என்று எத்தனை பேர் கேட்டோம்? இன்னொன்றும் கேட்கிறேன். சர்க்கரையைச் சுழற்றினால் வருவது வெள்ளைப் பஞ்சு. அதற்கு நிறம் எதற்கு? நிறம் இருந்தால்தான் பிள்ளை ஓடி வரும். அப்படியானால் அந்தச் சாயம் வாய்க்காகச் சேர்த்தது இல்லை, கண்ணுக்காகச் சேர்த்தது.

பஞ்சு மிட்டாய்க்காரரை விடுங்கள், நம் கண் மட்டும் என்ன ஒழுங்கு? சேலத்துப் பக்கம் ஓமலூர் வட்டாரத்தில் வெல்லம் காய்ச்சும் ஆலைகள் நிறைய. பொங்கல் நெருங்கினால் உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் அங்கே போய்ச் சோதனை செய்வார்கள். பேப்பரில் செய்தி வரும். வெல்லம் பளிச்சென்று மஞ்சளாக வர ஹைட்ரோஸ் போடுகிறார்கள். சோடியம் ஹைட்ரோசல்பைட் என்ற வெளுப்பான் அது. கரும்புச் சாறு குறைந்தால் வெள்ளைச் சர்க்கரையையே கொட்டிக் காய்ச்சுவதும் உண்டு. ஏன் இப்படி என்று கேட்டால் ஆலைக்காரர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: கறுப்பு வெல்லத்தை யாரும் கையால் தொடுவதில்லை. மண்டியில் விலை போவதில்லை. பொய்யா இது? கடையில் இரண்டு தட்டு வைத்தால் நம் கை எந்தத் தட்டுக்குப் போகிறது? கரும்பை நட்டு, வெட்டி, சாறு பிழிந்து, விறகு எரித்துக் காய்ச்சினால் வெல்லம் பழுப்பாகத்தான் வரும். அதன் நிறமே அதுதான். நாம் கேட்டது வெல்லத்தை இல்லை, மஞ்சள் நிறத்தை. கேட்டது கிடைத்தது.

காரச் சிப்ஸுக்கும் ஜெல்லிக்கும் இரண்டு வார்த்தை. இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதி உள்ள செயற்கை நிறங்கள் எட்டு. அனுமதி உண்டு என்பதால் வழக்கு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 2007-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தார் சில சாயங்களையும் சோடியம் பென்சோயேட்டையும் கலந்து குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். சில குழந்தைகளிடம் அடங்காத துறுதுறுப்புக் கூடியது. அதன்பிறகு, 2010 முதல், ஐரோப்பாவில் ஆறு சாயங்கள் சேர்த்த உணவில் 'குழந்தைகளின் செயலையும் கவனத்தையும் பாதிக்கலாம்' என்ற பொருளில் எச்சரிக்கை எழுத வேண்டும். அந்த ஆறில் நாலு நம் எட்டிலும் உண்டு. 102, 110, 122, 124. எழுதிக்கொள்ளுங்கள், பிள்ளைகளே, பரீட்சையில் வராது, கடையில் வரும். நம் எட்டில் இன்னொன்றான எரித்ரோசினுக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதியை ரத்து செய்தது. ஐரோப்பாவில் எழுதும் எச்சரிக்கை இங்கே ஏன் இல்லை? அங்கே இருப்பது குழந்தை, இங்கே இருப்பது என்ன?

சரி. ஐந்தாவது உறை. 'சர்க்கரை சேர்க்காதது.' இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. எனக்கும் சர்க்கரை. பதினான்கு வருடமாக. இந்தக் கூட்டத்தில் கைதூக்கச் சொன்னால் எத்தனை கை எழும் என்று தெரியும், அதனால் சொல்லவில்லை. சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து எடுத்த கணக்கு 2023-இல் வந்தது. நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். இன்னும் 13 கோடிக்கு மேல் வாசலில் நிற்கிறார்கள். இவ்வளவு பெரிய சந்தையைப் பார்த்துவிட்டு வியாபாரி சும்மா இருப்பானா?

இந்தச் செயற்கை இனிப்புகள் வந்த கதையே வேடிக்கை. 1879-இல் அமெரிக்காவில் ஃபால்பெர்க் என்ற ஆய்வாளர் நிலக்கரித் தாரிலிருந்து வரும் பொருள்களை வைத்து வேலை செய்துவிட்டு, கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார். ரொட்டி இனித்தது. அதுதான் சாக்கரின். 1965-இல் ஷ்லாட்டர் என்பவர் வயிற்றுப் புண்ணுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். காகிதம் புரட்ட விரலை நக்கினார். அதுதான் அஸ்பார்டேம். 1976-இல் லண்டனில் சஷிகாந்த் ஃபட்னிஸ் என்ற இந்திய ஆய்வு மாணவர், பேராசிரியர் 'சோதித்துப் பார்' என்று ஆங்கிலத்தில் சொன்னதை 'சுவைத்துப் பார்' என்று கேட்டுக்கொண்டு நாக்கில் வைத்தார். அதுதான் சுக்ரலோஸ். ஆய்வுக்கூடத்தில் எதையும் வாயில் வைக்காதே, கையைக் கழுவு என்று முப்பத்து மூன்று வருடம் தொண்டை கிழியக் கத்தியவன் நான். உலகத்துக்கு இனிப்பு கிடைத்தது என் பேச்சைக் கேட்காதவர்களால்!

சாக்கரினை என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். சைக்கிளில் பெட்டி கட்டி வந்த குச்சி ஐஸ் நினைவிருக்கிறதா? உறிஞ்ச உறிஞ்ச இனிக்கும். ஐஸ் வெளுத்துப் போனபிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு நிற்கும். அந்தக் கசப்புதான் சாக்கரினின் கையெழுத்து. எலிக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது என்று 1977-இல் அமெரிக்காவில் அதைத் தடை செய்யப் பார்த்தார்கள். பிறகு எச்சரிக்கை மட்டும் ஒட்டினார்கள். எலிக்கு நடப்பது மனிதனுக்கு அப்படியே நடப்பதில்லை என்று தெரிந்ததும் 2000-இல் அந்த எச்சரிக்கையையும் எடுத்துவிட்டார்கள்.

அஸ்பார்டேமுக்கு வருகிறேன். 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அதை '2பி' என்ற வகையில் சேர்த்தது. புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்க இடம் உண்டு, ஆனால் சான்று போதாது என்பது அந்த வகையின் பொருள். அதே வகையில் கற்றாழை முழு இலைச் சாறும் இருக்கிறது. புகையிலை எதில்? முதல் வகுப்பில், சந்தேகமே இல்லாத வகுப்பில். கன்னத்தில் புகையிலையை அதக்கிக்கொண்டு "டயட் கூல்டிரிங்க்ஸ் குடிச்சா கேன்சராமே சார்?" என்று என்னிடம் கேட்டவர் ஒருவர் உண்டு. இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன்.

அதே நாளில் இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை போகலாம் என்ற பழைய அளவை மாற்றத் தேவையில்லை என்றது. ஒரு டயட் பானக் குப்பியில் 200 முதல் 300 மில்லிகிராம் இருக்கும் என்று வைத்தால், 70 கிலோ ஆள் ஒரே நாளில் ஒன்பதிலிருந்து பதினான்கு குப்பி குடித்தால்தான் அந்த அளவைத் தாண்டுவார். அப்பாடா என்று மூச்சு விட்டீர்களா? விடாதீர்கள். இப்போது 15 கிலோ குழந்தைக்குக் கணக்குப் போடுங்கள். 600 மில்லிகிராம். இரண்டு, மூன்று குப்பி! பெரியவருக்கு எட்டாத எல்லை குழந்தைக்குக் கை நீட்டினால் எட்டும். அந்தக் குப்பியிலேயே குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்று எழுதியிருக்கும். எந்த மொழியில்? அதைப் பிறகு சொல்கிறேன்.

எடை குறைய இந்த இனிப்புகளை நம்ப வேண்டாம், நாள்பட்டுப் பார்த்தால் பயன் தெரியவில்லை என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஆனால் அந்த அறிவுரை ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இல்லை என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. சென்னையில் நீரிழிவு மருத்துவர் டாக்டர் மோகன் குழுவினர் நீரிழிவு உள்ளவர்களுக்குக் காபி, டீயில் மட்டும் சர்க்கரைக்குப் பதில் கொஞ்சம் சுக்ரலோஸ் கொடுத்து 12 வாரம் பார்த்தார்கள். சர்க்கரைக் கட்டுப்பாடு கெடவில்லை, எடை லேசாகக் குறைந்தது. ஆகவே மருத்துவரைக் கேட்டுக்கொண்டு காபியில் ஒரு மாத்திரை போடும் மாமாவை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த மாமா நானேதான்!

காபியில் போடுவது வேறு, இந்த பிஸ்கட் வேறு. ஏன்? அதிரசத்தை நினைத்துப் பாருங்கள், தாய்மார்களே. ஈர மாவு இடித்து, பாகு காய்ச்சி, உருட்டுப் பதம் பார்த்து, கிளறி, இரண்டு மூன்று நாள் வைத்துச் சுடுகிறீர்கள். அதில் வெல்லம் இனிப்பு மட்டுமா கொடுக்கிறது? மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது. சிவக்க வைக்கிறது. மென்மை கொடுக்கிறது. தண்ணீரைத் தன்னோடு கட்டிப்போட்டு, பூஞ்சைக்கு ஒரு சொட்டும் கிடைக்காமல் செய்கிறது. பழனிப் பஞ்சாமிர்தம் ஒரு சொட்டு பிரிசர்வேட்டிவ் இல்லாமல் நிற்பதும் இதனால்தான். சர்க்கரை நாலு ஆள் வேலையை ஓர் ஆளாகப் பார்க்கிறது.

இப்போது அந்த ஆளை வெளியே அனுப்புங்கள். ஒரு கிலோ சர்க்கரையின் இனிப்புக்கு இரண்டு கிராம் சுக்ரலோஸ்கூட வேண்டாம், அது 600 மடங்கு இனிப்பு. சரி, இனிப்பு வந்துவிட்டது. மீதி 998 கிராமின் இடத்தை எதை வைத்து நிரப்புவீர்கள்?

இந்த உறை சொல்கிறது. மால்டிடால். மால்டோடெக்ஸ்ட்ரின். பிடிப்புக்கு ஒரு பிசின். எண்ணெயும் நீரும் பிரியாமல் இருக்க 471. மணத்துக்கு ஒன்று. முன்னே சொன்னேனே, ஒன்று வெளியே போனால் மூன்று உள்ளே வரும் என்று! இங்கே ஐந்து. மால்டிடால் மிஞ்சினால் வயிற்றோட்டம். அதையும் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள், நல்லவர்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் பெயரில் சர்க்கரை இல்லை, ஆனால் மாவுப் பொருளிலிருந்து எடுத்தது, வயிற்றுக்குள் போனால் மளமளவென்று குளுக்கோஸ். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், மைதா. பொருள்களை எடை வரிசைப்படிதான் எழுத வேண்டும் என்பது விதி. முதலில் இருப்பதுதான் அதிகம் இருப்பது. மைதா வயிற்றுக்குள் போய் என்ன ஆகும்? சர்க்கரை ஆகும். 'சர்க்கரை சேர்க்காதது' என்பது உண்மைதான். சர்க்கரையாக மாறாதது என்று அவன் எங்கே சொன்னான்?

என் சொந்தக்காரர் ஒருவர் இதே மாதிரி பிஸ்கட்டை "இதுல சுகர் இல்ல மாமா" என்று தினமும் ஒரு பாக்கெட் தின்றார். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கோபம் யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை. உறையின் முன்பக்கத்தை அவர் முழுசாகப் படித்திருந்தார். பின்பக்கம் தமிழில் இல்லை.

ஆம், பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். உறையில் உள்ள விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இருந்தால் போதும் என்பது விதி. வேறு மொழி விருப்பம்போல. தமிழ்நாட்டில், தமிழ் மட்டும் தெரிந்த பாட்டி, தமிழ் பேசும் பேரனுக்கு வாங்கும் பாக்கெட்டில், குழந்தைக்கு வேண்டாம் என்ற எச்சரிக்கை தமிழில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை! விளம்பரம் தமிழில் வருகிறது. நடிகர் தமிழில் பேசுகிறார். பாட்டு தமிழில். வாங்கு என்று சொல்லத் தமிழ் தெரிகிறது, வேண்டாம் என்று சொல்ல மட்டும் தமிழ் மறந்துபோகிறதா? மொழிக்காக எத்தனையோ போராட்டம் பார்த்த மாநிலம் இது. ஒரு பிஸ்கட் உறையின் பின்பக்கத்தில் நாம் தோற்று நிற்கிறோம்.

எழுத்தறியாதவருக்கும் புரியும்படி செய்த நாடுகள் உண்டு. சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த உணவின் முகத்திலேயே கறுப்பு எண்கோணம் ஒட்ட வேண்டும். சாலையில் 'நில்' பலகை மாதிரி. இங்கே முன்பக்க எச்சரிக்கை பற்றிய பேச்சு பல வருடமாக நடக்கிறது, 2025-இல் உச்ச நீதிமன்றமே கெடு வைத்துக் கேட்டது. கேட்டால் நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. ஐதராபாத்தில் சிவரஞ்சனி சந்தோஷ் என்ற குழந்தை மருத்துவர், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைச் சர்க்கரைப் பானங்களில் போடுகிறார்களே என்று பல ஆண்டுகள் ஒற்றையாளாகப் போராடினார். 2025 அக்டோபரில் அந்தப் பெயரை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மூன்றே எழுத்துதான். அதற்குள் எத்தனை தாய்மார்கள் மருந்து என்று நம்பி வாங்கினார்களோ!

பயத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் பாவம். 2025 கோடையில் தர்ப்பூசணிக்குச் சிவப்புச் சாய ஊசி போடுகிறார்கள் என்று ஒரு வீடியோ பரவியது. ஓர் அதிகாரியே காட்டினார், நாமும் பத்துப் பத்துப் பேருக்கு அனுப்பினோம். விழுப்புரத்திலும் நம் மாவட்டத்திலும் விலை சரிந்தது, காய் வயலிலேயே கிடந்தது. பிறகு அந்த அதிகாரியை மாற்றினார்கள், பழம் நல்லது என்றார்கள். யாருக்குத் திரும்பக் கிடைத்தது? பழத்தை விட்டுவிட்டு அந்த வாரம் நம் பிள்ளைகள் என்ன குடித்தார்கள் தெரியுமா? இந்த ஆரஞ்சு பாட்டிலை! பழம் இல்லை என்று எழுதியதை நம்பிக் குடித்தோம், பழத்தைச் சந்தேகப்பட்டோம். சந்தேகம் வந்தால் அதற்கும் வழி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வாங்குகிறவரே கட்டணம் கட்டி மாதிரியைச் சோதிக்கக் கேட்கலாம், தவறு நிரூபணமானால் கட்டணம் திரும்ப வரும். ஃபார்வர்ட் செய்வதைவிடக் கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான்.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உறைகள் ஐந்தையும் மேசையிலேயே விட்டுவைக்கிறேன். பூதக்கண்ணாடி ஒன்றும் கொண்டுவந்திருக்கிறேன். பிள்ளைகள் வரிசையாக வந்து, அந்த நாலு சாய எண்ணும் எந்தெந்த உறையில் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள். முதலில் சொல்கிறவருக்கு வெளியே பாட்டி விற்கும் வேகவைத்த மல்லாட்டை (வேர்க்கடலை) ஒரு படி என் செலவு. அதற்கு உறை கிடையாது. உள்ளே இருப்பது மல்லாட்டையும் உப்பும்.

கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் அதிரசம் கொடுக்கிறார்கள். நான் மேடை ஏறும் முன்பே அதைச் சுட்ட அம்மா என்னிடம் வந்து, "கறுப்பா வந்துடுச்சு சார், வெல்லம் அப்படி. யாரும் தப்பா நினைக்காம நீங்களே சொல்லிடுங்க" என்றார். சொல்லிவிட்டேன் அம்மா. எனக்குப் பாதி போதும்.